ரூத் செய்த ஜெபம்

புது பெயின்ட் வாசனை... பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலிகள்... உட்கார்ந்தாலே நொறுநொறுவென்று சத்தம். உகாண்டாவில் நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தை நினைத்தால் முதலில் இதுதான் ஞாபகம் வருகிறது.

ஒரு கட்டடம் முடிந்திருந்தது. இன்னொன்று கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. லேப் சாமான்கள் ஆணி பிடுங்காத மரப்பெட்டிகளிலேயே கிடந்தன. ஒரு கிறிஸ்தவ சபை புதிதாக ஆரம்பித்த டெக்னாலஜி யுனிவர்சிட்டி அது. பிள்ளைகள் முதல் பேட்ச். வாத்தியார்கள் நாங்களும் முதல் செட்.

நான் சிதம்பரத்தில் படித்தவள். கடலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் எட்டு வருஷம் எலக்ட்ரிக்கல் பாடம் எடுத்தவள். மலர் மேடம் நன்றாக நடத்துவார் என்று பேர் இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் கணவரையும் மகனையும் கடலூர் செம்மண்டலம் வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு வருஷ கான்ட்ராக்டில் கிளம்பினேன்.

வகுப்பில் பத்தொன்பது பேர். நான் பேசப் பேசக் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு மாதம் கழித்து டெஸ்ட் வைத்தேன். மூன்றே பேர் பாஸ்.

படிக்காத பிள்ளைகள் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊர்ச் சபையின் உதவியில் படிக்க வந்தவர்கள். ஃபெயில் என்று பதிவானால் அந்த உதவி நின்றுவிடும். வெள்ளிக்கிழமை மார்க் கொடுக்க வேண்டும். அன்று புதன்.

காலையில் அங்கே ஜெபக் கூட்டம் உண்டு. நான் வர வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. பொட்டு வைத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். தனியாக ஸ்டாஃப் ரூமில் இருக்கப் பிடிக்காது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை என் வகுப்புப் பெண் ரூத் எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்தாள்.

"ஆண்டவரே, எங்கள் மலர் மேடத்துக்காக நன்றி. அவர் தூரத்திலிருந்து எங்களுக்காக வந்திருக்கிறார். அவர் மெதுவாகப் பேச உதவி செய்யும். அவர் சொல்வது எங்களுக்கு விளங்கட்டும். நாங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போகாதபடி காப்பாற்றும்."

மொத்தக் கூட்டமும் "ஆமென்" என்றது.

எனக்குக் காது சுட்டது. யாரையும் பார்க்காமல் அறைக்கு வந்து கணவருக்குப் போன் போட்டேன்.

"எல்லார் முன்னாடியும் மானம் போச்சுங்க. நான் ஊருக்கு வந்துடறேன்."

முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்தப் பொண்ணு ஒன்னத் திட்டலயே மலரு. அதுங்க சாமிகிட்டதான சொல்லிச்சு."

"அதுக்கு?"

"நீ போன்ல பேசறதே எனக்குப் பாதி புரியறதில்ல. மெதுவா பேசுன்னு நான் சொல்லியிருந்தா சும்மா உட்டிருப்பியா? நாந்தான் பயந்துகிட்டு சொல்லல. அது சொல்லிடுச்சு."

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

முதல் பீரியடில் ரூத்தைக் கூப்பிட்டேன். நோட்டை அணைத்துக்கொண்டு வந்தாள். "கோபமா மேடம்?" என்றாள்.

"இல்லம்மா. எது புரியலன்னு காட்டு."

நோட்டை நீட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் 'ஜீரோ வோல்ட்' என்று நான் சொன்ன சத்தத்தை அப்படியே ஆங்கில எழுத்தில், Z-க்குப் பதிலாக J போட்டு எழுதி வைத்திருந்தாள். பூஜ்யத்தைத்தான் சொல்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. 'ஜீரோ' என்பது வோல்ட்டில் ஒரு தனி வகை என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்! கடலூரில் எட்டு வருஷம் சொன்ன வார்த்தை. ஒருத்தரும் திருத்தியதில்லை. அங்கே எல்லோரும் சொல்வதே அப்படித்தான்.

நேராகத் துணைவேந்தரிடம் போனேன். அவர் ஒரு பாஸ்டர். நாற்காலி சுமக்க ஆள் இல்லையென்றால் தானே சுமப்பவர்.

"இந்த மார்க்க அனுப்பாதீங்க சார். தப்பு என் பேர்ல. மொதல்லேர்ந்து நடத்தி, திரும்ப டெஸ்ட் வைக்கிறேன்" என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். வேண்டுமென்றே மெதுவாக.

"ஒரு மாதப் பாடம் முழுவதுமா?"

"முழுசும்."

காலண்டரைப் புரட்டினார். "மூன்று வாரம் தருகிறேன்" என்றார்.

தினம் சாயங்காலமும், சனிக்கிழமை முழு நாளும் நடத்தினேன். புரியாத இடத்தில் மேசையைத் தட்டச் சொன்னேன். முதல் நாள் தட்டிய தட்டில் ஒரு வரி தாண்ட முடியவில்லை. ரூத் எனக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்தாள். Z சொல்ல, பல்லுக்குப் பின்னால் நாக்கை வைத்து வண்டு மாதிரி ரீங்காரம் செய்ய வேண்டுமாம். அறையில் கண்ணாடி முன்னால் நின்று செய்து பார்ப்பேன். நாற்பதை நெருங்குகிற வயதில்!

மறு டெஸ்டில் பதினேழு பேர் பாஸ். ரூத்தும் பாஸ். ஃபெயிலான இருவரில் ஒருவன் சொந்தச் செலவில் படித்தவன்; அடுத்த பரீட்சையில் தேறிவிட்டான். சாமுவேல் என்பவன் மட்டும் சபை உதவி நின்றுபோய் ஊருக்குத் திரும்பிப் போனான்.

பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப நீங்க சொல்றது எல்லாம் புரியுது மேடம். கணக்குதான் புரியல" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முதல் மாதம் வீணாகாமல் இருந்திருந்தால் அவனும் இருந்திருப்பானோ என்று இன்றைக்கும் தோன்றும்.

கான்ட்ராக்ட் முடிந்து வந்துவிட்டேன். இப்போது சிதம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை. கடலூரிலிருந்து தினமும் பஸ். கீரப்பாளையம் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவர்கள். லேப் இருக்கிறது, புரொஜெக்டர் இருக்கிறது, ஏசி ரூம்கூட இருக்கிறது.

மரியாதையும் ஜாஸ்தி. அதுதான் பயமாக இருக்கிறது. நான் முடிக்கும்வரை ஒரு கை உயராது. பேப்பர் திருத்தும்போதுதான் தெரியும், எந்த வாரத்தில் யாரைத் தொலைத்தேன் என்று.

போன வாரம் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "புரியலன்னா சொல்லுங்கப்பா, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றேன்.

"புரியுது மேம்" என்றார்கள். எல்லோரும் ஒரே குரலில்... ரொம்ப வேகமாக.