விக்கல் இல்லாத இஞ்சின்

பழனிசெட்டிபட்டியில் நான் கரண்ட் மோட்டார் விற்கிறேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுப் பழைய டீசல் இஞ்சின்களை வாங்கிச் சேர்க்கிறேன். ஒரு காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் இறைத்தவை. கரண்ட் வந்ததும் தோட்டத்து மூலைக்குப் போனவை. துருவைச் சுரண்டி, இறுகிப்போன பிஸ்டனைக் கழற்றி, பெயின்ட் அடித்து மறுபடி ஓட விடுவதில் எனக்கு ஒரு கிறுக்கு. "விக்கிறது புதுசு, வாங்குறது பழசு. வெளங்கிரும்" என்பாள் என் மனைவி. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கப் போனவன் பல்சக்கரத்தோடு திரும்பினால் வேறென்ன சொல்வாள்.

உத்தமபாளையத்துத் தேங்காய் வியாபாரி ஒருவர் என்னிடம் மோட்டார் வாங்க வந்தபோது கொட்டகையை எட்டிப் பார்த்தார். தன் தோப்பிலும் ஒன்று கிடக்கிறது, சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கேட்டது ஒன்றுதான்.

"ஓட ஆரம்பிச்சதும் சொல்லுங்கண்ணே. அம்மாவக் கூட்டிட்டு வாரேன். அத்தா மவுத்தானதுல இருந்து, அந்த இஞ்சினு சத்தத்த ஒருக்காக் கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காக."

அப்பா இறந்ததிலிருந்து அம்மாவுக்கு இருக்கும் ஆசை என்று அவர் சொன்னது எனக்கு ஏதோ பரிசு அறிவித்த மாதிரி இருந்தது. அந்த அம்மா அசந்துபோக வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டேன். பிஸ்டனை டீசலில் ஊறவைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி வெளியே எடுத்தேன். டீசலைப் பீய்ச்சும் நாசில் ஒழுகியது, டீசல் பம்பும் உள்ளே தேய்ந்திருந்தது. இரண்டையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு, மதுரையில் அலைந்து புதிது வாங்கி மாட்டினேன். ஹேண்டிலைச் சுற்றியதும் பிடித்துக்கொண்டு, தாளம் பிசகாமல் அடித்தது. கொட்டகையில் இருப்பதிலேயே சுத்தமாக ஓடுவது அதுதான். அன்றைக்கே வியாபாரிக்கு போன் போட்டேன்.

அம்மாவுடன் ஆட்டோவில் வந்தார். என் மனைவி போட்டுக் கொடுத்த நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்து, முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார். நான் இஞ்சினைக் கிளப்பினேன். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டவர் மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் ஓடுது தம்பி. ஊர்ல எல்லா இஞ்சினும் இப்படித்தான் ஓடும்" என்றார் அந்த அம்மா. "எங்களுது விக்கும். நாலு அடி அடிச்சு ஒன்ன முழுங்கும். அதக் கேட்டாத்தான் அவுக தோப்புல இருக்காகன்னு வீட்டுல எனக்குத் தெரியும். அது நின்னுச்சுன்னா உலையில அரிசியப் போடுவேன்."

தேய்ந்த பம்பும் ஒழுகும் நாசிலும்தான் அந்த விக்கல். பழைய சாமான்களோடேயே முதலில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாம். எப்படி ஓடும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பழுதைக் கண்டால் மாற்று என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. இரும்புக்காரரிடம் போட்டது இந்நேரம் எந்த உலையில் உருகியதோ.

ஸ்பேனரை எடுத்தேன். டீசல் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். இஞ்சின் திணறியது. "இதாம்மா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். இருமிவிட்டு நின்றே போனது. மறுபடி சுற்றிக் கிளப்பி, மறுபடி முறுக்கினேன். சட்டையெல்லாம் டீசல். வியாபாரி, "விடுங்கண்ணே, பரவாயில்ல" என்று தோளைத் தொட்டார். நான் விடவில்லை. நல்ல இஞ்சினை நோயாளி ஆக்க முடிந்ததே தவிர, அந்த விக்கல் வரவில்லை.

கடைசியில் இரண்டு அடிக்கு ஒன்றை முழுங்கி, கன்னாபின்னாவென்று விட்டு விட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா எழுந்தார்.

"ஆமா தம்பி, இதான். இப்படித்தான் ஓடும்" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் இஞ்சினைப் பார்க்கவில்லை. வியர்த்து வழிய நின்ற என்னைத்தான் பார்த்தார்.