சிரித்தது நானா, மாத்திரையா?

தை அமாவாசையன்று திருவள்ளூர்க் கோயில் குளத்தில் மாமா நின்றிருந்த கோலம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. முழங்கால் வரை தண்ணீர். வலது கையில் வெல்லக்கட்டி. இடது கையில், நனைந்துவிடாமல் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்த மாத்திரைப் பொட்டலம். அந்தக் குளத்தில் வெல்லத்தைக் கரைத்தால் உடம்பிலுள்ள நோயும் அதுபோலக் கரைந்துபோகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வெல்லத்தை எல்லோரும்தான் கரைக்கிறார்கள். மாத்திரையைக் கரைக்க வந்தவரை அன்று ஒருநாள்தான் பார்த்தேன்.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த எழுபதுகளில், ஒரு இரும்புக் கம்பெனியில் கிரேன் ஓட்டினார். அங்கேயே பேக்கிங்கில் எனக்கும் வேலை. ஆரம்பாக்கத்தில் அவர்கள் வீட்டில் தங்கி, அவரோடு ஒரே ரயிலில் போய் வருவேன். யாருக்கு என்ன பட்டப்பெயர் பொருந்தும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார், பெட்டியே சிரிக்கும். அப்படிப்பட்ட மனிதர் ஒரு மழைக்காலத்தில் மெல்ல மெல்லப் பேச்சை விட்டார். வேலை முடிந்து வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டால், "ஒண்ணும் செய்யல. அதான் பேஜாரா கீது" என்பார். வீட்டுக்குப் பின்னால்தான் தண்டவாளம். ரயில் சத்தம் கேட்டால் அக்கா கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவர் உட்கார்ந்த இடத்தில் இருக்கிறாரா என்று பார்ப்பாள்.

மதராசில் மனநோய் டாக்டர் ஒருவர் கொடுத்த மாத்திரையில்தான் எழுந்தார். ஒரு மாதத்தில் சோறு இறங்கியது. மூன்றாம் மாதம் பட்டப்பெயர்கள் திரும்பி வந்தன. ஆனால் வாய் உலர்ந்தது, விரல் லேசாக நடுங்கியது. ஃபோர்மேன் அவரைக் கிரேனிலிருந்து இறக்கித் தரையில் வேலை கொடுத்தார். "இன்னாபா, மாத்திர துன்னாச்சா?" என்பதுதான் கம்பெனி கேட்டில் தினமும் அவர் காதில் விழும் முதல் விசாரிப்பு. அதையெல்லாம் தாங்கிக்கொண்டார். அவரை அரித்தது வேறு. ஒருநாள் ரயிலில் எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இப்ப சிரிச்சது நானா, மாத்திரையாம்மா?" என்றார். ஒரு வருஷம் ஆனதும், நிறுத்திவிட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

எங்கள் அம்மா அதற்கு வழி சொன்னாள். "நோயத்தான் கொளத்துல உடறோமே மாப்ள, அப்புறம் மருந்து எதுக்கு? ஒரு கையில அத்த வச்சிக்கினு கும்பிட்டா சாமிக்கே சந்தேகம் வந்துடும்."

அப்படித்தான் குளத்துக்கு வந்தோம். வெல்லம் கரைந்து மாமாவின் வலது கை காலியானது. பொட்டலத்தைப் பிரித்தவர் என்ன நினைத்தாரோ, படியில் நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்து, "நீ இன்னா சொல்ற?" என்றார். அதுவரை அவளை யாருமே கேட்கவில்லை.

"வெல்லம் பெருமாளுக்கு. மாத்திர டாக்டரு குடுத்தது. அவராண்ட கேக்காம எப்பிடி உடுவ? அதுவும் இல்லாம, கொளத்து மீனுக்கு இன்னா கவலன்னு அதுக்கு மாத்திர குடுக்குற?"

பக்கத்தில் முழுகிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா சிரித்துக்கொண்டே பொட்டலத்தை மடித்தபடி கரையேறினார்.

மறுவாரம் டாக்டரிடம் அதே கேள்வியைத்தான் கேட்டார்: சிரிப்பது யார்? டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "கால் ஒடைஞ்சா கட்டுப் போடறோம். அப்ப நடக்கறது காலா, கட்டா?" என்றார். நிறுத்தலாம்; ஆனால் ஒரே நாளில் கூடாது, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், நடுநடுவே வந்து காட்ட வேண்டும் என்றார்.

"மறுபடி வந்துட்டா சார்?" என்றாள் அக்கா.

"வந்தா மறுபடி போட்டுக்கலாம். இதுல தோத்துப்போறதுக்கு என்னம்மா இருக்கு?"

வெளியே வந்ததும் அக்கா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீ வேண்டும் என்றாள்.

டாக்டர் சொன்ன கணக்குப்படி அக்காவே மாத்திரையை பிளேடால் பாதியாக நறுக்கினாள், பிறகு கால். கடைசிக் கால் துண்டும் தீர்ந்த மறுநாள், மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. மறுவாரமும் ஆகவில்லை. வெயில் தணிவதற்குள் மாமா கிரேன் ஏறிவிட்டார்.

இன்றைக்கு யாராவது குரலைத் தாழ்த்திக்கொண்டு இந்த மாத்திரைகளைப் பற்றி என்னிடம் கேட்டால், நான் மாமா கிரேன் ஏறிய நாளைச் சொல்வதில்லை. சில வருஷம் கழித்து வந்த ஒரு காலையைச் சொல்கிறேன். மாமா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏ, அவன் திரும்ப வந்துட்டாப்ல கீது. ஆஸ்பத்திரிக்குப் போவணும், பைய எடு" என்றார். அந்தப் பழைய நோயைத்தான், யாரும் கேட்காமல் தானாகவே சொன்னார். அக்கா பதறவில்லை.

"வந்தா வரட்டும். நாஷ்டா துன்னுட்டுப் போவலாம்" என்று இட்லித் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.