யார் காலிலும் விழாதவன்

என்னைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. யார் காலிலும் விழாத மனுசன் என்பார்கள். எனக்குக் கிடைத்த ஓட்டில் பாதி இந்தப் பேச்சுக்குக் கிடைத்ததுதான். டீக்கடைக்குள் நுழைந்தால் பெஞ்சில் இடம் விட்டபடியே யாராவது அதைச் சொல்வார்கள். நானும் லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டு டீயைக் குடிப்பேன்.

உண்மை என்னவென்றால், என்னால் விழ முடியாது. போலியோ வந்து சூம்பிய இடது காலில் தொடை வரை காலிபர் என்கிற இரும்புச் சட்டம் மாட்டியிருக்கிறேன். நிற்கும்போது முட்டி லாக்காகி இருக்கும். கையால் லாக்கைத் தூக்கிவிட்டால்தான் கால் மடங்கும். கட்சித் தலைவர் தேனிக்கு வரும்போதெல்லாம் மற்றவர்கள் வரிசையாகக் குப்புற விழுந்து எழுவார்கள். நான் மட்டும் கும்பிட்டபடி விறைப்பாக நிற்பேன். இரும்பு செய்த வேலைக்கு எனக்குச் சுயமரியாதைக்காரன் என்று பட்டம். நான் அதை மறுத்ததே இல்லை. மேடையில் நானே சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன், வெட்கங்கெட்டவன்.

இரண்டு தடவை வார்டு கவுன்சிலராக ஜெயித்த பிறகு சேர்மன் ஆசை வந்தது. எங்கள் பேரூராட்சியில் சேர்மனைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் கட்சி யார் பெயரைச் சொல்கிறதோ அவருக்குத்தான் ஓட்டு. போட்டியில் நானும் ஒரு திராட்சைத் தோட்டக்காரரும் இருந்தோம். எங்கள் இரண்டு பேரையும் தலைவர் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரச் சொல்லியிருந்தார். மாவட்டப் பொறுப்பாளர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். நான் திமிர் பிடித்தவன் என்று யாரோ தலைவரிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்களாம். நின்றபடியே கும்பிட்டால் இந்தத் தடவை வேலைக்கு ஆகாது என்றார்.

திராட்சைத் தோட்டக்காரர் விழுந்து எழுந்தார். அடுத்தது நான். யோசித்ததாகக்கூட ஞாபகம் இல்லை. வேட்டிக்கு மேலாகவே லாக்கைத் தூக்கிவிட்டேன். கால் சடாரென்று மடங்கியது. மற்றவர்களைப் போல மரியாதைக்கு விழவில்லை, நிஜமாகவே விழுந்தேன். தாடை தரையில் இடித்தது. தலைவர் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். என்னால் எழ முடியவில்லை. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை. வேட்டி விலகி, சூம்பிய தொடையும் தோல் வாரும் எல்லோருக்கும் தெரியக் கிடந்தேன். கடைசியில் அந்தத் தோட்டக்காரர்தான் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். வேட்டியையும் இழுத்துச் சரிசெய்தார். இது உங்களுக்கு எதுக்குண்ணே என்று மட்டும் கேட்டார். அன்று சாயங்காலம் என் பெயரை அறிவித்தார்கள்.

வழுக்கி விழுந்துவிட்டதாக மனைவியிடம் சொன்னேன். அவள் தாடைக்கு மருந்து போட்டாள். ஊருக்கும் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பேரூராட்சி ஆபீசில் என் அறைக்கு ஒரு பெண் வந்தாள். ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போகிறவள். அவள் காலிலும் காலிபர். அரசாங்கம் கொடுக்கும் மூணு சக்கர ஸ்கூட்டிக்கு என் சிபாரிசு வேண்டும் என்றாள். செய்கிறேன் என்றேன். சொன்ன பிறகும் போகாமல், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு முட்டிக்குக் கையைக் கொண்டுபோனாள். அந்தக் கை எதற்குப் போகிறது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"வேணாம்மா" என்றேன்.

"தலைவரு கால்ல நீங்களே விழுந்தீகளாம்லண்ணே. நான் விழுகுறதுல என்ன இருக்கு?"

குத்திக்காட்டவில்லை. நல்ல மனதோடுதான் கேட்டாள். மேசையைப் பிடித்து மெதுவாக இறங்கி, என் செருப்புக்குப் பக்கத்தில் நெற்றியை வைத்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த கவுன்சிலர்களுக்கு ஒரே திருப்தி. புள்ளைக்கு ஆசீர்வாதம் பண்ணுங்கண்ணே என்றார் ஒருவர். எழுந்திரு என்று அவளை அதட்டியிருக்கலாம். இங்கன யாரும் இனி விழக் கூடாது என்றாவது சொல்லியிருக்கலாம். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நல்லா இரும்மா என்று அவள் தலையில் கையை வைத்தேன்.