கறுப்பு ஒயர் கடிக்காது

வயது நாற்பத்தாறு. அதில் இருபத்துமூன்று வருடம் வீடு வீடாக ஒயரிங் வேலை. கையில் ஒரு சான்றிதழ் கிடையாது. சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் குத்தியிருப்பதால் தெருவே அவரை டெஸ்டர் என்றுதான் கூப்பிடும். போன செவ்வாய்க்கிழமை தொழிற்கல்லூரி வரிசையில் நின்றவர்களில் நரைத்த தலை அவருடையது மட்டும்தான்.

“பையன் வரலியாண்ணே?” என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

“பையனுக்கு இல்லம்மா. எனக்குத்தான்.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு விண்ணப்பங்களை நீட்டினாள். “அனுபவம் இருக்கிறவங்களுக்கு இது. ஆறே மாசம், பரீட்சை எழுதினா லைசென்ஸ். இன்னொண்ணு ரெண்டு வருஷம், சாயங்கால வகுப்பு, அனா ஆவன்னாவுல இருந்து ஆரம்பிப்பாங்க. உங்களுக்கு எதுக்கு? மீன் குஞ்சுக்கு நீந்தக் கத்துக்கொடுக்கவா? எதுன்னாலும் நாளைக்குள்ள குடுத்துடுங்க.”

டெஸ்டருக்கு வேலையில் வலது கை மனைவியின் தம்பி. பதினோரு வருடம் ஒரே ஸ்கூட்டர், ஒரே சாப்பாட்டு டப்பா. இருவருக்கும் ஒரு வழக்கம்: ஒயரில் கை வைப்பவர் ஃபியூஸைப் பிடுங்கித் தன் பையிலேயே போட்டுக்கொள்வார். வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிட முடியாது. கரண்ட் வரும் சிவப்பு ஒயருக்குத்தான் இந்த மரியாதையெல்லாம். திரும்பிப் போகும் கறுப்பு ஒயரைப் பற்றி டெஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்: “கறுப்பு கடிக்காது மாப்ளே.”

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு மாடி வீட்டில் மாப்பிள்ளை ஏணியில் நின்று கறுப்பு ஒயரின் இணைப்பைப் பிரித்தான். மாடி ஃபியூஸ் அவன் பையில் பத்திரமாக இருந்தது. தண்ணீர் வரவில்லை என்று கீழ்வீட்டம்மா கேட்க, டெஸ்டர் கீழே மோட்டாரைப் போட்டார். மேலே ஏணி சரியும் சத்தம் கேட்டது.

“ஃபியூஸைப் பிடுங்கியும் போய்ட்டானே, தலையெழுத்து” என்றார்கள் துக்கத்துக்கு வந்தவர்கள். மோட்டார் விஷயத்தை டெஸ்டர் யாரிடமும் சொல்லவில்லை. கீழ்வீட்டு மோட்டாருக்குப் போன கரண்ட் மாடிக் கறுப்பு ஒயரில் எப்படித் திரும்பி வந்தது என்பது அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அந்த அரைகுறைதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

விண்ணப்பம் வாங்கி வந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மனைவி இரண்டு விண்ணப்பங்களையும் புரட்டிப் பார்த்தாள்.

“ஆறு மாசத்துல முடியறத விட்டுட்டு எதுக்கு ரெண்டு வருஷம்?”

“அதுல பரீட்சைக்கு வேண்டியது மட்டும்தான். எனக்கு அது எப்படி வந்துச்சுன்னு தெரியணும்.”

“எது?”

“கறுப்புல கரண்ட்.”

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். “தெரிஞ்சா அவன் எழுந்து வந்துடுவானா?”

“மோட்டாரப் போட்டது நான்.” எட்டு மாதத்தில் முதன்முறையாகச் சொன்னார்.

“தெரியும். கீழ்வீட்டம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க. நீங்களா எப்பச் சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. கீழே வைத்த துணியை எடுத்து மறுபடி மடித்தாள்.

“படிங்க. ஆனா தெரிஞ்ச அன்னிக்கு எங்கிட்ட வந்து சொல்லாதீங்க.”

மறுநாள் இரண்டு வருடப் படிப்புக்கான விண்ணப்பத்தைக் கொடுத்தார். கவுன்டர் பெண் தந்த பாடத்திட்டத்தை அங்கேயே நின்று விரல் வைத்துப் படித்தார். அவர் தேடியது மூன்றாம் பருவத்தில், ஏழாவது பாடம். வகுப்புகள் திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொடங்குகின்றன.