ஏறாத எண்

கரகந்தா பக்கத்து நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் இருபது வருஷமாக மின்கேபிள்களைச் சோதித்து வந்தவள் ராய்குல். சுரங்கத்துக்குக் காற்று அனுப்பும் பெரிய விசிறியின் கேபிளில் அன்று மின்காப்பை அளக்கும் மெக்கர் கருவியை மாட்டினாள். ஒரு நிமிஷத்தில் நானூறு மெகா ஓம் காட்டியது. பத்து நிமிஷம் காத்திருந்தும் அதே நானூறுதான்.

“நானூறு போதாதா அக்கா? கேபிள் சரின்னு கையெழுத்தைப் போடுங்க,” என்றான் பொறியாளன் தெமிர்பெக்.

“எண் பெருசுதான் தம்பி. நல்ல கேபிள்னா நேரம் ஆக ஆக ஏறணும். இது அசையவே இல்லையே. உள்ளே ஈரம் இறங்கியிருக்கு.”

“உங்களுக்குக் கல்லுலகூட ஈரம் தெரியும்!” என்று சிரித்துவிட்டு அவனே கையெழுத்திட்டான்.

இரண்டு எண்களையும் தாளில் குறித்துவிட்டு அவள் கிளம்பினாள். அந்தக் கேபிளின் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் சாபித் எதிரே வந்தான். “என்னக்கா, மூஞ்சி செத்துக் கிடக்கு?”

“ஒண்ணுமில்லப்பா. குளிரு.”

மூன்றாம் நாள் இணைப்பு வெடித்ததில் சாபித் கருகிச் செத்தான்.

விசாரணைக்கு வந்தவர்கள் அவளுடைய தாளைப் பார்த்துவிட்டு, “உங்க மேல தப்பில்லம்மா,” என்றார்கள். தெமிர்பெக்குக்கு வேலை போயிற்று. சாபித்தின் மனைவி மட்டும் கேட்டாள்: “அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா?”