அவள் பெயரை வைத்துப் பாடினேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, குரோம்பேட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில்தான் அந்தப் பாட்டு பிறந்தது. என் நண்பன் அங்கே ஒரு சின்ன ரெக்கார்டிங் அறை வைத்திருந்தான். வாரநாட்களில் எனக்கு அலுவலக வேலை. சனிக்கிழமை வந்தால் கிடாரைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவேன். அப்போது என் காதல் முறிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

வேறொருவன் கிடைத்ததும் விட்டுப் போனவளைக் கேள்வி கேட்கிற மாதிரி வரிகள். மெட்டும் நன்றாக அமைந்துவிட்டது. நண்பனுக்குத்தான் ஏதோ குறைவதாகப் பட்டது.

“மச்சான், டியூன் நல்லாத்தான் கீது. ஆனா யாரப் பாத்துப் பாடுறன்னே தெரியல. ஒரு பேரு வச்சுப் பாடு” என்றான்.

அவளுக்கு வீட்டில் ஒரு செல்லப்பெயர் உண்டு. அவள் அப்பா வைத்தது. வேறு யாருக்கும் இருக்க முடியாத, விநோதமான பெயர். அதை வைத்துப் பாடியதும் பாட்டுக்கு உயிர் வந்துவிட்டது. வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் அவளுக்குக் கொஞ்சம் வலிக்கட்டுமே என்ற எண்ணமும் இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. ரீல்ஸ், கல்லூரி விழா, ஷேர் ஆட்டோ என்று எங்கே பார்த்தாலும் அதுதான். ஒரு மியூசிக் கம்பெனி உரிமையை வாங்கிக்கொண்டது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

ஆறு மாதம் கழித்து, ஒரு மாலை, தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் அவள் எதிரே வந்தாள். பள்ளி ஆசிரியை, கையில் விடைத்தாள் கட்டு. சண்டை போடுவாள் என்று நினைத்தேன்.

“கிளாஸ்ல பசங்க பாடுறாங்க. அதுகூடப் பழகிடுச்சு” என்றாள். “ஆனா எங்க அப்பா இப்பல்லாம் என்னை அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடறதில்ல. வாய் வரைக்கும் வருது, நிறுத்திக்கிறாரு. முழுப் பேரச் சொல்றாரு.”

விடைத்தாள் கட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“நான் ஏன் போனேன்னு உனக்குத் தெரியாதா? ஒரு வாட்டி வீட்டுக்கு வந்து பேசுன்னு எவ்வளவு நாள் கேட்டேன்?”

தெரியும். ஒரு வருடமாகக் கேட்டாள். அவள் அப்பாவைப் பார்க்கப் பயந்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சாக்கு சொன்னேன். களைத்துப்போய்த்தான் விலகினாள். வேறொருவன் என்று யாருமே இல்லை.

“மன்னிச்சிடு. பாட்டை எடுத்துடறேன்” என்றேன்.

“எப்படி எடுப்ப?” என்றாள். அதில் கோபம் இல்லை. நிஜமாகவே வழி இருக்கிறதா என்று கேட்டாள்.

இருக்கவில்லை. கம்பெனியில் கைவிரித்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு சேலையூரில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் வெளியே போயிருந்தாள். அவள் அப்பா உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பாட்டில் இருப்பது பொய் என்று அவரிடம் சொன்னேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“தெருவுல எல்லாரும் பேசினாங்க தம்பி. வேற யாராவது இருக்காங்களாம்மான்னு நானே அவகிட்ட கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது” என்றார்.

என்னைத் திட்டவே இல்லை. வாசல் வரை வந்து அனுப்பிவைத்தார்.

இப்போதும் மேடை ஏறினால் அந்தப் பாட்டைத்தான் கேட்கிறார்கள். நான் பாடுவதில்லை; கூட்டமே பாடிவிடுகிறது. என் கோழைத்தனத்தை அவளுடைய துரோகமாக மாற்றி எழுதினேன். அதை இத்தனை பேர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்களே என்று நினைக்கும்போதெல்லாம் தலை தானாகக் குனிந்துவிடுகிறது.