மங்களேஸ்வரியின் விருந்தாளிகள்

மங்களேஸ்வரி சாவகச்சேரிக்காரி. கண்டியில் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்தாள். நான் மன்னாரிலிருந்து வந்த ஆஸ்பத்திரித் தாதி. எழுபதுகளின் நடுவில், கண்டி நகரத்துக் கட்டுக்கலையில் ரபீகா ராத்தா வீட்டு மேல்மாடியில் இருவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். முஸ்லிம் வீடு என்பதால் அக்காவை ராத்தா என்போம்; அவர் விதவை. கீழே அவர், மேலே நாங்கள். எங்கள் பானையில் என்ன வேகிறது என்பது ராத்தாவுக்கு மணத்திலேயே தெரிந்துவிடும்.

மங்களேஸ்வரிக்குச் சீலை, நகை, சினிமா எதிலும் பெரிய ஆசை இல்லை. ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. சனிக்கிழமை இரவுகளில் கொழும்பு வானொலியில் ‘பத்து மணி விருந்தாளி’ என்றொரு நிகழ்ச்சி போகும். கமலநேசன் என்ற அறிவிப்பாளர் நடத்தினார். சென்னையிலிருந்து கச்சேரிக்கும் படப்பிடிப்புக்கும் வருகிற பாடகர்கள், நடிகைகள், நாடகக்காரர் என்று யாரையாவது பிடித்து உட்காரவைத்துப் பேசுவார். மற்ற அறிவிப்பாளர்கள் ‘தங்கள் கலைப் பயணம் எப்படித் தொடங்கியது’ என்று ஆரம்பிப்பார்கள். கமலநேசன் அப்படிக் கேட்கமாட்டார். யார் வந்தாலும் முதல் கேள்வி, “இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்?” என்பதுதான்.

அதற்குப் பொய் சொல்ல யாருக்கும் வராது. படத்தில் ஆட்களை வெட்டிச் சாய்க்கிற ஒரு வில்லன் நடிகர், மனைவி கோபத்தில் பேசாமல் இருந்ததால் பழைய சோற்றைத் தானே பிசைந்து தின்றுவிட்டு விமானம் ஏறியதாகச் சொன்னார். அதிலிருந்து அவருடைய கல்யாணக் கதை வந்தது, கதையோடு அழுகையும் வந்தது. மங்களேஸ்வரி கட்டிலில் சம்மணம் போட்டு, றேடியோவை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள். இடையில் நான் பேசினால் கையைக் காட்டி அடக்குவாள்.

“அந்தாள் பேசுறதைவிட, பேசாமல் இருக்கிறதுதான் திறம், திரேசா. கேட்டுப்போட்டுக் காத்துக்கொண்டு இருப்பார். அதுக்குள்ளதான் மற்றவைக்குக் கதை வரும்” என்பாள்.

அவளும் ஒருமுறை அறிவிப்பாளர் வேலைக்கு விண்ணப்பித்துக் கொழும்புக்குக் குரல் தேர்வுக்குப் போனாள். குரலில் சிரிப்பு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்து தலை முழுகினாள். மறுநாள் வேலைக்குப் போய்விட்டாள்.

எண்பதில் கமலநேசன் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். நிகழ்ச்சி நின்றது. வேறொருவரை வைத்துச் சில வாரம் நடத்திப் பார்த்தார்கள், சரிவரவில்லை. சனிக்கிழமை வந்தால் மங்களேஸ்வரி உடுப்பு மடிப்பாள், எதையாவது தைப்பாள். “ஒருமுறை ஆரோ ஒரு பாட்டுக்காரன் வந்தானே, தொண்டை கட்டினதுக்குக் கோழிக்குஞ்சுச் சாறு குடிச்சதெண்டு சொன்னவன்...” என்று பழசைத் தொடங்குவாள். அவளுக்கு எல்லா விருந்தாளிகளும் ஞாபகம்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் கண்டி நகரத்துத் தமிழ்க் கடைகளைச் சிங்களக் கும்பல்கள் எரித்தன. மேல்மாடி ஜன்னலால் பார்த்தால் புகைதான் தெரிந்தது. ரபீகா ராத்தா ஓடி வந்து எங்கள் இருவரையும் கீழே தன் அறைக்குள் விட்டுப் பூட்டினார். தெருவில் ஆட்கள் வந்து கேட்டபோது, “இங்க ஒத்தரும் இல்ல, ஊருக்குப் பெய்த்தாங்க” என்று வாசலை மறித்து நின்றே சொன்னார். பூட்டிய கதவுக்குப் பின்னால் நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

மறுநாள் ஆட்கள் மறுபடியும் வரப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. ராத்தாவின் தம்பி முஹ்ஸின் லொறி வைத்திருந்தார். வெங்காயச் சாக்குகளுக்கு நடுவில் எங்களை இருத்தி, அகதிகளைச் சேர்த்துவைத்திருந்த ஒரு பாடசாலையில் கொண்டுபோய் இறக்கினார். ராத்தா எனக்கு ஒரு பொட்டலம் சோறும் மங்களேஸ்வரிக்குத் தன்னுடைய சால்வையும் தந்துவிட்டார்.

“அறய நான் ஒத்தருக்கும் குடுக்கமாட்டேன். நீங்க வரணும், கேட்டதா?” என்றார்.

முகாமில் எல்லாச் சாதிச் சனமும் இருந்தது. கடை முதலாளிகள், கந்தோர் உத்தியோகத்தர், தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வந்தவர்கள், நகரசுத்தித் தொழிலாளரின் மஹய்யாவ லயத்து வரிசைவீட்டு ஆட்கள். ஒரே கூரை, ஒரே பேக்கரிப் பாண், ஒரே பருப்பு. ஆனால் ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை. ஒவ்வொரு குடும்பமும் மேசைகளையும் வாங்குப் பலகைகளையும் அடுக்கித் தன் எல்லையைக் கட்டிக்கொண்டது. இரவில் யாராவது அழுவார்கள். காலையில் யார் அழுதது என்று யாரும் கேட்பதில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் அம்பிகைபாகன் என்று ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்து ஆள், தண்ணீர்க் குழாய் போடுகிற அரசாங்கப் பகுதியில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு எரிந்துபோனது. ஒரு கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். அவருடைய மனைவிதான் தண்ணீருக்கு வரிசையில் நிற்பார். முகாமுக்கு இருந்தது ஒரே குழாய்.

ஒருநாள் அந்தக் குழாயடியில் சண்டை வந்தது. மஹய்யாவ ராக்கம்மா தெருக்கூட்டுகிற வேலை செய்கிறவள். அவள் தன் முறைக்கு வாளியை வைக்கப் போக, அம்பிகைபாகனின் மனைவி, “உங்கட ஆக்கள் வாளி வைச்ச இடத்திலை நாங்கள் எப்பிடிக் குடிதண்ணி எடுக்கிறது?” என்று சொல்லிவிட்டார்.

ராக்கம்மா கத்தவில்லை. “வீட்ட எரிச்சவன் ஒங்க ஆளு, எங்க ஆளுன்னு பாத்தா எரிச்சான், அம்மா?” என்று மட்டும் கேட்டாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்த் தன் பாயில் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

மங்களேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னேரம் தேநீர் கொடுத்து முடிந்த நேரம். பாடசாலை மண்டபத்து மேடையில் இரண்டு கதிரைகளை எதிரெதிராகத் தூக்கி வைத்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேரே ராக்கம்மாவிடம் போனாள்.

“அக்கா, ஒருக்கா வாங்கோ. உங்களோட கொஞ்சம் கதைக்கவேணும்.”

“எங்கிட்ட என்னங்கம்மா பேச்சு? போங்க.”

“வாங்கோ எண்டுறன்.”

கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வந்து இருத்தினாள். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மங்களேஸ்வரி தொண்டையைச் சரிசெய்தாள்.

“வணக்கம். இண்டைய விருந்தாளி மஹய்யாவ ராக்கம்மா அவர்கள். இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள், அக்கா?”

யாரோ சிரித்தார்கள். ராக்கம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க சாப்பிட்டதத்தான் நானும் சாப்பிட்டேன். பாணும் பருப்பும். அதுல உப்பு இல்ல.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. உப்பில்லாத பருப்பைப் பற்றி எல்லாருக்கும் அதே எண்ணந்தான். மங்களேஸ்வரி அடுத்த கேள்வி கேட்கவில்லை. காத்திருந்தாள்.

ராக்கம்மா தானாகவே தொடங்கினாள். “பெரஹரா ஊர்கோலம் பாக்க ஒலகத்துல இருந்தெல்லாம் சனம் வருது. நான் பொறந்து வளந்தது இந்தக் கண்டியில. ஒருநாளும் பெரஹரா பாத்ததில்ல. ராத்திரி வெள்ளனயே படுத்துருவேன். விடியக்காலையில ரோட்டக் கூட்டணும்ல? யானை போன தடத்தப் பாப்பேன், யானையப் பாக்கமாட்டேன். ஆனா ஒண்ணு. யானை நல்லா இருக்கா, சீக்கா இருக்கான்னு அது போட்டுட்டுப் போனதப் பாத்தே சொல்லிருவேன்.”

சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்த சிரிப்பு. ராக்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கூட்டத்தில் செருப்பைத் தவறவிடுகிறவர்கள், பொய்ப்பல்செற்றைத் தவறவிட்ட கிழவர், பெட்டிக்கடைக்கு அடியில் தூங்கிப்போன ஒரு பிள்ளையைப் பொலிசுக்குத் தூக்கிக்கொண்டு போனது எல்லாம் சொன்னாள். பிள்ளையின் தாய் தன் காலைப் பிடித்து அழுததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அந்தத் தாய் சிங்களத்தி. அதைச் சொல்லிவிட்டு ராக்கம்மா எழுந்து போய்விட்டாள்.

அடுத்த நாள் பின்னேரம் சனம் தானாகவே மேடைக்கு முன்னால் வந்து குந்தியது. பிறகு தினமும் நடந்தது. சலூன்காரர், தையற்காரி, பூசகர், எரிந்த புடவைக்கடையின் முதலாளி என்று ஒவ்வொருவராக ஏறினார்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகும் சனம் கலைந்துபோகாது. புடவைக்கடைக்காரரிடம் போய், “உங்கட கடையிலைதான் என்ரை கூறைச்சீலை எடுத்தது” என்று சொல்லிக்கொண்டு நிற்பார்கள். எல்லைக்கு அடுக்கிய வாங்குகள் ஒவ்வொன்றாக மேடைக்கு முன்னால் வந்தன.

அம்பிகைபாகன் பலநாள் மறுத்தார். ஒருநாள் அவரே கதிரையைத் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் மேடையேறினார். குழாய்கள், மலையிலிருந்து தண்ணீர் இறங்கும் கணக்கு, வெள்ளைக்கார மேலதிகாரிகள் என்று நன்றாகத்தான் பேசினார். அப்போது கீழேயிருந்து ராக்கம்மா கையை உயர்த்தினாள்.

“ஐயா, எங்க லயத்துக்குப் பைப்பு போட்டது நீங்களா?”

“ஓம். நான்தான் பிளான் கீறினது.”

“அத்தன குடும்பத்துக்கு ஏன் ஒரே பைப்பு?”

“என்ரை பிளானிலை மூண்டு இருந்தது. மேலிடத்திலை ரெண்டை வெட்டிப்போட்டாங்கள்.”

“வெட்டுறப்ப நீங்க ஒண்ணும் சொல்லலியா?”

அவர் மங்களேஸ்வரியைப் பார்த்தார். அவள் காப்பாற்ற வரவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

“இல்லை” என்றார் அம்பிகைபாகன். “பதவி உயர்வு வாற நேரம். பயந்து பேசாமல் இருந்திட்டன்.” கீழே ராக்கம்மாவைப் பார்த்து, “ஒரு பைப்பிலை நிக்கிறது என்ன எண்டு இஞ்ச வந்துதான் தெரியுது” என்றார்.

மறுநாள் காலையில் அம்பிகைபாகன் வாளியோடு வரிசைக்கு வந்தார். “ஐயா, இங்கிட்டு வாங்க, இது ஒங்க எடம்” என்று ராக்கம்மா தனக்குப் பின்னால் அவருக்கு இடம் காட்டினாள். அவருடைய மனைவி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ராக்கம்மாவின் வாளியில் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தார்.

கொழும்பு போய்க் கப்பலில் யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு பஸ் வருகிறது என்று சொன்னார்கள். பாதிப்பேர் போக ஆயத்தமானார்கள். அதற்கு முதல்நாள் பின்னேரம் மங்களேஸ்வரி விருந்தாளி தேடிக்கொண்டிருந்தபோது ராக்கம்மா மேடையேறி, கேள்வி கேட்கிறவரின் கதிரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“இன்னைக்கு நீங்க இங்கிட்டு உக்காருங்க, தங்கச்சி.”

மங்களேஸ்வரி தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு என்னம்மா சாப்பிட்ட?”

மங்களேஸ்வரி சால்வை நுனியை விரலில் சுற்றினாள். ராக்கம்மாவும் அவளைப் போலவே பொறுமையாகக் காத்திருந்தாள்.

“முந்தியும் ஒராள் என்னட்டை இப்பிடிக் கேட்டவ” என்று தொடங்கினாள் மங்களேஸ்வரி. “சுகந்தமாலா எண்டு ஒரு நடிகை கண்டிக்குப் படம் எடுக்க வந்தவ, ஞாபகமோ? கடுகண்ணாவையிலை மண் சரிஞ்சு ரோட்டு அடைபட்டுப்போச்சு. கொழும்புக்குப் போகேலாமல் வாவிக்கரை ஹோட்டலிலை நிண்டவ. கமலநேசன் டெலிபோனிலைதான் பேட்டி எடுத்தவர். பத்து மணி நிகழ்ச்சி எண்டாலும் பகலிலைதான் பதிவு. லைன் குடுத்தது நான். தொடங்கமுதலே கொழும்பு லைன் கட்டாகிப் போச்சு. அவ தனிய ‘ஹலோ, ஹலோ’ எண்டு கூப்பிடுறா. ‘கொஞ்சம் பொறுங்கோ’ எண்டுமட்டும்தான் நாங்கள் சொல்லலாம். நான் வாய் தவறி, ‘இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?’ எண்டு கேட்டுப்போட்டன்.”

சனம் முன்னுக்கு நகர்ந்தது.

“சிரிச்சா. பிறகு, ‘ஒண்ணும் சாப்பிடலைங்க’ எண்டா. நடன உடுப்பு இறுக்கமாம். குண்டாகிவிடுவா எண்டு அண்ணன் சாப்பாட்டை அளந்துதான் குடுப்பாராம். தலகணிக்குக் கீழை பிஸ்கட் ஒளிச்சு வைச்சிருக்கிறாவாம். ‘நீங்க என்ன சாப்பிட்டீங்க?’ எண்டு என்னைக் கேட்டா. நாள்முழுக்க ஊர்ச்சனம் கதைக்கிறது என்ரை காதுக்குள்ளாலைதான் போகும். என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை. ‘பாணும் சம்பலும்’ எண்டன். ‘சம்பல்னா என்ன?’ எண்டா. தேங்காய் துருவுறதிலை இருந்து தேசிக்காய்ப் புளி விடுகிற வரைக்கும் சொல்லி முடிக்க, கொழும்பு லைன் வந்திட்டுது.”

“அய்யோ!” என்று அம்பிகைபாகனின் மனைவி எழுந்து நின்றுவிட்டார். “நான் கேட்டனான் அந்தப் பேட்டியை! கமலநேசன் கேக்க, அவ ‘பாணும் சம்பலும்’ எண்டெல்லோ சொன்னவ! மெட்ராஸ் நடிகைக்கு ஆர் சம்பல் குடுத்தது எண்டு நாங்கள் வீட்டிலை பெரிய கதை!”

நானும் அந்தப் பேட்டியைக் கேட்டிருந்தேன், மங்களேஸ்வரிக்குப் பக்கத்தில், அதே கட்டிலில் இருந்து. லைனில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவளுடைய வேலையின் சட்டம். அன்றைக்கு ஒரு சொல்கூட அவள் என்னிடம் சொல்லவில்லை.

சனம் கைதட்டியது. மங்களேஸ்வரி சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். “அதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் ஒராள் என்னைக் கேட்டிருக்கு” என்றாள். ராக்கம்மா கதிரையை இழுத்துப் போட்டு அவளை அணைத்துக்கொண்டாள்.

பஸ் வந்தது. அம்பிகைபாகன் குடும்பம் போனது. மங்களேஸ்வரியின் தம்பியும் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தான். அவள் போகவில்லை. கலவரம் அடங்கியதும் நாங்கள் ரபீகா ராத்தா வீட்டுக்குத் திரும்பினோம். சொன்னபடியே ராத்தா அறையை வைத்திருந்தார். எங்கள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்திருந்தார்.

பிறகு போர் முற்றியது. யாழ்ப்பாணத்து லைன்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. பக்கத்து ஊரிலிருந்து கேட்கிறதுபோலத் தம்பியின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தவள், செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவரும் கடிதத்துக்குக் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருவாள். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கொண்டுவந்து போட்ட, பார்க்க ஆளில்லாத நோயாளிகளின் கட்டிலருகே இருந்து கதை கேட்பாள். வாய் திறக்காதவர்களும் அவளிடம் திறப்பார்கள். சில நேரம் டொக்டர்மாரே, “அந்த அம்மா இண்டைக்கு வாறாவா?” என்று என்னிடம் விசாரிப்பார்கள்.

ரபீகா ராத்தா வயது போய் மௌத்தாகி வீடு விற்கப்பட்டபோது நான் கல்யாணம் முடித்து மாத்தளைக்குப் போய்விட்டிருந்தேன். ராக்கம்மாவின் மகள் புஷ்பம் அப்போது ஆசிரியை. அவள் வந்து மங்களேஸ்வரியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மஹய்யாவவுக்குப் போனாள். “எங்கம்மாவுக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் வேணும் சித்தி” என்றாளாம்.

இரண்டாயிரத்து இரண்டில் போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணத்துப் பாதை திறந்தது. தம்பி தேடிக்கொண்டு வந்தான். தலை நரைத்துவிட்டது, அக்காவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. நானும் அன்று போயிருந்தேன். சின்ன வீடு. ராக்கம்மா ஒரு மூலையில், புஷ்பத்தின் பிள்ளைகள் தொலைக்காட்சிக்கு முன்னால்.

“வாங்கோ அக்கா, ஊருக்குப் போவம். இஞ்ச ஆரிட்டையோ ஒட்டிக்கொண்டு ஏன் கிடக்கிறியள்?” என்றான்.

மங்களேஸ்வரி கோபப்படவில்லை. அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, “ஊரைப் பாக்க வாறன். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து கொஞ்சநாள் நிப்பன். ஆனால் இருக்கிறது இஞ்சதான்” என்றாள்.

“இஞ்ச ஆர் இருக்கினம் உங்களுக்கு?”

மூலையிலிருந்து ராக்கம்மா, “தம்பி, மொதல்ல சாப்புடுங்க. கொழம்பு ஆறுது” என்றாள்.

அந்த ஆவணியில் மங்களேஸ்வரி ராக்கம்மாவையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனாள். திருவிழா முடிந்ததும் இருவரும் கண்டி பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்தார்கள்.